கம்பத்தில் பட்ட பந்து: செயலும் பயனும் குறித்து

ஒரு செயலின் மதிப்பை அதன் பயனைக் கொண்டு அளப்பதா, அல்லது செய்தவரின் முயற்சியைக் கொண்டு அளப்பதா என்பது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. எந்தத் தொழிலிலும் பயன் முழுவதும் செய்பவரின் கைக்குள் அடங்குவதில்லை என்றாலும், கால்பந்துப் பயிற்சியாளரின் தொழிலில் இவ்வுண்மை கண்ணெதிரே நிற்கிறது. ஆட்டக்காரர்களைத் தேர்வதும், பழக்குவதும், வியூகம் வகுப்பதும் அவருடைய பணிகள். ஆட்டம் தொடங்கிய பின்னரோ அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியவர். பந்தைத் தொடும் உரிமை அற்றவர். ஆயினும் தோல்விக்கான பழி முதலில் அவர் மீதே விழுகிறது.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பிரேசில் நாட்டுப் பயிற்சியாளர் கார்லோஸ் ஆல்பர்ட்டோ பரேராவின் வாழ்க்கை மிகவும் ஏற்றது. ரியோ டி ஜெனிரோவில் 1943ஆம் ஆண்டு பிறந்த பரேரா, தொழில்முறை ஆட்டக்காரராக விளையாடியவர் அல்லர். உடற்கல்வி பயின்று பயிற்சித் துறைக்கு வந்தவர். இருபத்து நான்காம் வயதில் கானா தேசிய அணியின் பொறுப்பை ஏற்ற அவர், 1970இல் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணியின் உடற்பயிற்சிக் குழுவில் பணியாற்றினார். பின்னர் குவைத் (1982), ஐக்கிய அரபு அமீரகம் (1990), பிரேசில் (1994, 2006), சவூதி அரேபியா (1998), தென்னாப்பிரிக்கா (2010) என ஐந்து நாடுகளின் அணிகளை ஆறு உலகக் கோப்பைப் போட்டிகளில் வழிநடத்தினார். இந்த ஆறில் கோப்பை கிட்டியது ஒரே ஒரு முறை. குவைத், அமீரகம், சவூதி அரேபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு அணிகளும் முதற்சுற்றோடு வெளியேறின. பயன் ஒன்றே அளவுகோல் எனில், ஒரே மனிதர் ஒரு முறை மேதையாகவும் பல முறை தகுதியற்றவராகவும் இருந்தார் என்று கொள்ள நேரிடும். அது பொருந்தாத முடிவு.

அப்பொருந்தாமையை இரண்டு நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டுகின்றன. முதலாவது, 1994 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் பிரேசிலும் இத்தாலியும் மோதிய இறுதிப் போட்டி. கூடுதல் நேரம் முடிந்தும் எந்த அணியும் கோல் போடாததால், பெனால்டி உதைகளால், அதாவது ஒவ்வோர் ஆட்டக்காரராக வந்து கோல்காப்பாளரை மட்டும் எதிர்கொண்டு உதைக்கும் முறையால், முடிவு காணப்பட்டது. பிரேசிலின் ரொமாரியோ உதைத்த பந்து கம்பத்தின் உட்புறத்தில் பட்டு வலைக்குள் சென்றது. இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ உதைத்த கடைசிப் பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது. 24 ஆண்டுகளுக்குப் பின் பிரேசில் மீண்டும் கோப்பையை வென்றது.

இரண்டாவது, 2010 ஜூன் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் தென்னாப்பிரிக்காவும் மெக்சிகோவும் ஆடிய தொடக்க ஆட்டம். ஆட்டம் 1–1 என்ற சமநிலையில் முடியும் தறுவாயில், தென்னாப்பிரிக்காவின் கட்லெகோ ம்ஃபேலா உதைத்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. அந்த அணி அடுத்து உருகுவேயிடம் தோற்று, பிரான்சை வென்று, மெக்சிகோவுக்கு நிகரான நான்கு புள்ளிகள் பெற்றும், கோல் கணக்கில் பின்தங்கியதால் வெளியேறியது. உலகக் கோப்பையை நடத்தும் நாடு முதற்சுற்றிலேயே வெளியேறியது அதுவே முதல் முறை. பிற முடிவுகள் மாறாமல் இருந்து, அந்த ஒரு பந்து மட்டும் உள்ளே சென்றிருந்தால், தென்னாப்பிரிக்கா அடுத்த சுற்றுக்குச் சென்றிருக்கும்.

தம் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றுக்காக ஒருவர் புகழப்படுவதையும் பழிக்கப்படுவதையும் மெய்யியலாளர்கள் ‘அறநெறித் தற்செயல்’ என்ற கருத்தாக்கத்தின் வழி ஆராய்கின்றனர். பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் ஆகிய இருவரும் 1976இல் இதை விவாதப் பொருளாக்கினர். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, அடிமையாக இருந்து ஆசிரியராக உயர்ந்த எபிக்டெட்டஸ் என்னும் ஸ்டோயிக் சிந்தனையாளர், இதே சிக்கலை விளக்கப் பந்து விளையாட்டையே உவமையாக எடுத்தாண்டார். ஸ்டோயிக் நெறி என்பது, நம் வசத்தில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்தறிந்து வாழச் சொல்லும் கிரேக்க, ரோமானிய மெய்யியல் மரபு. பந்து தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அதைப் பிடிப்பதிலும் எறிவதிலும் காட்டும் திறனே ஆடுபவருக்கு உரியது என்பது அவர் கருத்து. பகவத் கீதை கூறும் நிஷ்காம கர்மம், அதாவது பயனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்தல், இதற்கு அண்மையில் நிற்கும் கோட்பாடாகும்.

எனினும் இவ்விடத்தில் ஒரு தடை எழுகிறது. பயிற்சியாளரின் வெற்றி தோல்வி அவரோடு நின்றுவிடுவதில்லை. ஒரு நாட்டு மக்களின் நம்பிக்கை அதில் பிணைந்திருக்கிறது. முடிவு எப்படியானாலும் சரி என்று இருப்பவரை எந்த நாடும் தன் அணிக்குப் பொறுப்பாக்க விரும்பாது. ஆகவே பற்றின்மை என்பதை அக்கறையின்மை என்று பொருள்கொள்வது பிழை. பயனை முழு மனத்தோடு நாடுவதும், வந்த பயனைத் தன் தகுதியின் சான்றாகக் கொள்ளாமல் இருப்பதும் ஒருசேர இயலும். திருக்குறள், ‘ஊழ்’ அதிகாரத்தை அறத்துப்பாலின் இறுதியில் வைத்துவிட்டு, தளரா முயற்சியைப் போற்றும் ‘ஆள்வினையுடைமை’யைப் பொருட்பாலில் வைத்து, அதன் பின்னாலேயே துன்பத்தில் மனம் உடையாமையைக் கூறும் ‘இடுக்கணழியாமை’யையும் வைத்திருப்பது இங்கே நினைக்கத்தக்கது. ஊழின் வலிமையை ஒப்புக்கொண்ட பிறகும் முயற்சிக்கு இடம் இருக்கிறது என்பதை அவ்வைப்பு முறையே உணர்த்துகிறது.

பரேராவின் வாழ்க்கையில் இவ்வுண்மைக்குத் தெளிவான சான்று கிடைப்பது 1998, 1999 ஆகிய ஆண்டுகளில். 1998 உலகக் கோப்பையில் சவூதி அணி டென்மார்க்கிடம் 0–1 என்றும் பிரான்சிடம் 0–4 என்றும் தோற்றவுடன், மூன்றாம் ஆட்டத்துக்குக் காத்திராமல் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அதே அணிக்கு 1988இல் ஆசியக் கோப்பையை வென்று தந்தவர் அவரே. உலகக் கோப்பையை வென்ற பயிற்சியாளர் இந்த இழிவுக்குப் பின் ஒதுங்கியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ அடுத்த ஆண்டே, பிரேசிலின் மூன்றாம் பிரிவுக்குத் தாழ்ந்துபோயிருந்த ஃப்ளுமினென்ஸ் கழகத்தின் பொறுப்பை ஏற்று, அந்தப் பிரிவில் அதை வாகை சூட வைத்தார். அக்கழகத்துக்கு 1984இல் தேசியப் பட்டத்தைப் பெற்றுத் தந்தவரும் அவரே. களம் சிறியது, கிடைக்கும் புகழ் குறைவு என்பவை பணியின் அளவைக் குறைக்கவில்லை.

ஆகவே செயலுக்கான பொறுப்பு செய்பவருடையது, பயன் அவருக்கு முழுதும் உரியதன்று என்ற முடிவே பொருத்தமானது. பயன் வந்தபோது செருக்குக்கும், வராதபோது சோர்வுக்கும் இடம் தராமல் அடுத்த பணியை அதே அக்கறையோடு ஏற்பதுதான் ஒருவரின் தகுதியைக் காட்டும் அளவுகோல். கம்பத்தில் பட்ட பந்து உள்ளே சென்றதா வெளியே தெறித்ததா என்பதைக் கொண்டு அதற்கு முந்தைய பல மாத உழைப்பை எடைபோடுவது நேர்மையாகாது.