பந்தியும் கூரையும்

ஒரு மாணவர் விடுதி தன் கொள்கையைப் பிரார்த்தனைக் கூடத்தில் வெளியிடுவதில்லை. இலை போடுகிற இடத்தில் வெளியிடுகிறது.

வ.வே.சு. ஐயர் 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின்னர் சேரன்மாதேவிக்குக் கொண்டுபோன குருகுலம் இதற்கு ஸ்தூலமான உதாரணம். பல ஜாதிப் பிள்ளைகள் அங்கே ஒன்றாகத் தங்கிப் படித்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு முதலில் 5,000 கொடுத்தது. ஆனால் இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனிச் சாப்பாடு. வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் எழுப்பிய கேள்வி இந்த இரண்டு இலைகளைப் பற்றியதுதான்.

ஐயர் தரப்பைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. அவர் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடக் கூடியவர். பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு அவரைக் கட்டியிருந்தது. அந்த இருவர் மட்டில் வாக்கைக் காப்பாற்றலாம், இனி அப்படி யாரையும் சேர்க்க வேண்டாம் என்பதே காந்தியின் யோசனையாகவும் இருந்தது. வாக்குத் தவறாமை தர்மம்தானே?

தர்மம்தான், தன் கையிருப்பிலிருந்து கொடுக்கிறவரையில். ஐயர் கொடுத்தது அவருடையதல்ல. மற்றப் பிள்ளைகளின் கௌரவத்தை, அவர்களைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தார். விதிவிலக்கு இருவருக்கு, பாடம் மற்ற அத்தனை பேருக்கும். 1925 ஜூனில் கல்யாண தீர்த்த அருவியில் ஐயர் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். கேள்வி மட்டும் யாருடனும் போகவில்லை.

2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. மெஸ் ஒன்றில் சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் தனித்தனி வாசல், தனித்தனி கை கழுவும் இடம் என்று அறிவிப்புகள் தென்பட்டன. எதிர்ப்பு வந்ததும் அகன்றன. ஜாதி என்ற சொல் அவற்றில் இல்லை. மாமிசம் ஒவ்வாதவனின் அருவருப்பு பொய்யல்ல. அவனுக்குத் தனிப் பாத்திரம் நியாயம். பாத்திரம் உணவைப் பிரிக்கிறது. வாசலோ ஆளைப் பிரிக்கிறது.

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி இன்று தொழிலாளர் விடுதிகள் எழுகின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுகிறவர்கள் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட உட்காருகிறார்கள். யாரோ ஒருவர் தனி மேஜை கேட்பார். காரணமும் மரியாதையாகவே இருக்கும். மேஜை கொடுப்பவர் அதை யார் கணக்கிலிருந்து கொடுக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.