அரக்கன் என்று யாரைச் சொல்வது?

நமுனுகுல என்ற பெயருக்குச் சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள் என்று பொருள். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்த மலையின் சரிவுகளில் தேயிலை விரிந்து கிடக்கிறது. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத எல்ல என்னும் ஊரில், செங்குத்தான பாறைச் சுவரின் நடுவே ஓர் இருண்ட குகை உண்டு. இராவணன் சீதையைக் கவர்ந்துவந்து இங்கேதான் ஒளித்துவைத்தான் என்பது வழிவழியாக வரும் கதை. அருகே வீழும் அருவிக்கும் அவன் பெயரே. குகை வாயிலில் நிற்பவர் எவரும் ஒரு கணம் அச்சங்கொள்ளவே செய்வர்.

அந்த அச்சத்தை ஏளனம் செய்வது நமது நோக்கமன்று. அரக்கன் என்ற சொல்லைத்தான் நாம் விசாரிக்க விரும்புகிறோம். ஒருவனுக்கு அப்பெயரைச் சூட்டுகிறவர் யார்? அதனால் யாருக்கு என்ன நன்மை?

தோற்றவனின் கதையை வென்றவன் எழுதுகிறான் என்பது பழைய விடை. அதற்குச் சான்று தேடி இதிகாச காலத்துக்குப் போக வேண்டியதில்லை. 1817-18இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். ஆளுநர் பிரவுன்றிக்கின் ஆட்சி கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் என்று பிரகடனம் செய்தது. கிராமங்கள் எரிக்கப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன. தலைவர் கெப்பெட்டிப்பொலவை 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்தார்கள். அவர் மண்டையோட்டை எடின்பரோவுக்குக் கொண்டுபோய், மண்டையின் வடிவைக் கொண்டு குணத்தை அளக்கலாம் என்று நம்பிய ஒரு கழகத்தின் சேகரிப்பில் வைத்தார்கள். 1954இல்தான் அது தாயகம் திரும்பியது. துரோகிப் பட்டத்தை அரசு இரத்துச் செய்ததோ 2016இல். சொந்த மண்ணைக் காக்க எழுந்தவன் துரோகியாகவும், அவன் தலையை ஆராய்ச்சிப் பொருளாக்கியவன் நாகரிகனாகவும் ஏட்டில் நிலைத்திருந்த காலம் ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு.

அப்படியானால் அரக்கனை அரசனாக்கிவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? தமிழ்நாட்டில் புலவர் குழந்தை 1946இல் இராவண காவியம் இயற்றி அவனைக் காவியத் தலைவனாக்கினார். 1948இல் அதற்குத் தடை வந்தது, 1971இல்தான் நீங்கியது. இலங்கையிலும் இராவணனை நாட்டின் பெருமைக்குரிய மன்னனாகக் கொண்டாடுவோர் பெருகியுள்ளனர். 2019இல் விண்ணுக்கு அனுப்பிய செயற்கைக் கோளுக்கும் அவன் பெயரே இடப்பட்டது. இழித்துரைக்கப்பட்டவனை மீட்பதில் நியாயம் உண்டு, மறுக்கமாட்டோம். ஆனால் கிரீடம் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறுவதால் மட்டும் கிரீடத்தின் கீழ் நசுங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது? எல்லக் குகையைத் தோண்டிய ஆய்வாளர்கள் கண்டவை மாளிகையின் சின்னங்கள் அல்ல. கல்லாயுதத்தால் வேட்டையாடி வாழ்ந்த ஆதி மனிதர்களின் எச்சங்களே அங்குக் கிடைத்தன. அவர்களைப் பற்றி அரக்கன் கதையும் பேசுவதில்லை, அரசன் கதையும் பேசுவதில்லை.

மக்கள் தாமே படைத்த கதைகளும் உண்டு. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,000க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவர் கல்லறையையும் மின்னல் விடாது தாக்குகிறது என்று மக்கள் சொல்லிவந்தனர். பதுளையில் வெள்ளையர் அவர் நினைவாகத் தேவாலயம் எழுப்பினர். மக்களோ மின்னலைக் கொண்டு தீர்ப்பு எழுதினர். இந்தக் கற்பனையில் ஓர் அறவுணர்ச்சி இருப்பதைக் காணாதவன் குருடன். ஆயினும் அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். அதிகாரத்தைத் தட்டிக் கேட்க வழியில்லாதவன் நீதியை வானத்திடம் ஒப்படைக்கிறான். வானமோ நல்லவன் வீட்டையும் இடிக்கிறது.

தேயிலைத் தோட்டங்களுக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த உழைப்பாளிகள் மாடசாமியையும் முனியாண்டியையும் உடன் கொண்டுவந்தனர். இங்கு வந்த பின் புதிதாகவும் ஒரு முனி பிறந்தது. தொழிற்சாலைச் சக்கரத்தை ரோதை என்பார்கள். அதில் உறைவது ரோதை முனி. கவனம் பிசகினால் கையையே பறிக்கக்கூடிய இயந்திரத்தின் முன் நின்றவன் அதற்குப் படையலிட்டான். அது மூடத்தனம் என்று மேசையிலிருந்து சொல்லிவிடுவது எளிது. அவனுடைய அச்சம் பொய்யன்று. ஆபத்து மெய்யாகவே அங்கிருந்தது. ஆபத்தின் பெயர்தான் மாறியிருந்தது. சக்கரம் யாருடையது, அது யாருக்காகச் சுழல்கிறது, காப்புக்கான செலவை மறுப்பவர் யார் என்ற கேள்விகள் முனியின் பெயருக்குப் பின்னால் மறைந்துபோயின.

படித்தவர்களாகிய நாம் முனியை நம்புவதில்லை. நமக்கு வேறு முனிகள் இருக்கின்றன. 2014 அக்டோபர் 29ஆம் நாள், இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. உயிரோடு புதைந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களும் அவர்தம் குழந்தைகளும். இயற்கையின் சீற்றம் என்றார்கள். ஆனால் அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. மழை பெய்தது இயற்கை. எச்சரித்த பின்னும் மக்களை அதே சரிவில் வாழவிட்டது இயற்கையா? அவர்களுக்கு நிலம் இல்லை. வேறிடம் போக வழியுமில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. எஞ்சியோர் குடியுரிமை பெற 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. இவ்வளவையும் விழுங்கிக்கொண்டு, இயற்கை என்ற ஒரே சொல் பழியை ஏற்றுக்கொள்கிறது.

கதைகளை அழித்துவிட வேண்டுமோ என்று நண்பர்கள் கேட்கலாம். வேண்டாம். குழந்தைகள் குகைக்குப் போகட்டும். பாட்டிமார் இராவணன் கதையைச் சொல்லட்டும். அது நம் மக்களின் செல்வம். கதையைக் கதையாகச் சொல்வதில் தீங்கில்லை. மனிதன் செய்த தீமைக்குப் பொறுப்பேற்க ஓர் அரக்கனையோ, விதியையோ, வானத்தையோ முன்னிறுத்தும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். ஓர் இடத்தைப் பற்றி அஞ்சத்தக்க கதை ஒன்று கேட்டால், அங்கே உழைத்தவர் யார், மாண்டவர் யார், அந்தச் சாவுக்குப் பதில் சொல்லாமல் தப்பியவர் யார் என்று விசாரியுங்கள். ஊரில் முதியோர் இன்னும் இருக்கிறார்கள், நினைவுகளும் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு எழுதி வைத்தால், மலையகத்தில் மெய்யாகவே அஞ்சத்தக்கவை எவை என்று அடுத்த தலைமுறை தெரிந்துகொள்ளும். அவற்றை மாற்றவும் துணியும்.