அருள் நெஞ்சும் பயின்ற கையும்

'இலஞ்சி' என்னும் சொல்லுக்கு நீர்நிலை என்பது பொருள். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அருகே, சிற்றாற்றங்கரையில் அப்பெயர் தாங்கிய ஊர் ஒன்று உள்ளது. ஆனி, ஆடித் திங்கள்களில் சாரல் வீசத் தொடங்கியதும் மக்கள் அப்பகுதியில் திரள்கின்றனர். கழுகுமலைப் பாறையில் வடிக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசிக்கச் செல்லும் நம் குடும்பத்தாரும் அப்படியே குற்றாலம் சென்று நீராடித் திரும்புவதுண்டு. அருவிகளோடு, தங்கும் விடுதிகள் சிலவற்றில் நீச்சல் குளங்களும் இப்போது உள்ளன. நீர் மகிழ்வு தருவது. அதே நீர் நொடிப்பொழுதில் உயிரைக் கொள்வதும் உண்டு. 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது.

இத்தகைய செய்தி கேட்டு நம் உள்ளம் உருகுகிறது. 'நாம் அங்கிருந்தால் காப்பாற்றியிருப்போமே' என்று எண்ணுகிறோம். அவ்வெண்ணம் மெய்யான இரக்கத்தில் பிறந்ததே. ஆயினும் ஒரு வினாவை நாம் நமக்குள் எழுப்பிக்கொள்ள வேண்டும். காக்க வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே ஓருயிரைக் காத்துவிடுமா? அவ்விருப்பத்தைச் செயலாக்கும் திறனைத் தேடிக்கொள்வதும் அறத்தின் பகுதி அன்றோ?

2022 ஜூன் 5ஆம் நாள் கடலூர் மாவட்டத்தில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளிக்கச் சென்ற பெண்மக்கள் எழுவர் உயிரிழந்தனர். ஆழத்தில் சிக்கியவரை மீட்க முனைந்தவர்களும் உடன் மூழ்கினர். 2023 ஏப்ரல் 5 அன்று சென்னையை அடுத்த மூவரசம்பட்டில், தீர்த்தவாரியின்போது கோயில் குளத்தில் இளைஞர் ஐவர் மாண்டதும் இவ்வாறே. இவர்களைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. பிறர் துயர் கண்டு தம்மை மறந்த அவர்தம் அன்பு வணங்கத்தக்கது. ஆனால் அவ்வன்புக்குத் துணையாக ஒரு பயிற்சியை எவரும் அவர்களுக்கு அளித்திருக்கவில்லை. அதனால் ஒரு வீட்டின் துயரம் பல வீடுகளின் துயரமாயிற்று.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர் நால்வர் மூழ்கத் தொடங்கினர். அங்கிருந்த பெண்கள் மூவர் தாம் உடுத்திருந்த சேலைகளைக் களைந்து வீசி, அவற்றைப் பற்றச் செய்து இருவரைக் கரையேற்றினர். தமிழக அரசு அம்மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது வழங்கிச் சிறப்பித்தது. மற்ற இருவரைக் காக்க இயலாமற் போனது வருந்தத்தக்கதே. எனினும், கைக்கெட்டிய பொருளைக் கருவியாக்கும் மதி அருளோடு சேர்ந்தமையால் இரண்டு உயிர்கள் பிழைத்தன.

அவர்களுக்கு இயல்பாகத் தோன்றிய அம்மதியை எவருக்கும் பழக்கத்தால் வருவிப்பதே உயிர்காப்புப் பயிற்சி. 1891இல் இலண்டனில் வில்லியம் ஹென்றி முதலானோர் இதற்கெனவே ஒரு சங்கம் கண்டனர். அதுவே இன்றைய ராயல் லைஃப் சேவிங் சொசைட்டி. நம் நாட்டிலும் ராஷ்ட்ரீய லைஃப் சேவிங் சொசைட்டி, கோவாவிலுள்ள தேசிய நீர்விளையாட்டு நிறுவனம் ஆகியவை இப்பயிற்சியை அளிக்கின்றன. இங்கிலாந்தில் நீச்சல்குள உயிர்காப்பாளர் பயிற்சியில் சேர விரும்புவோர் பதினாறு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். 50 மீட்டர் தொலைவை 60 வினாடிக்குள் நீந்துதல், ஆழ்நீரில் 30 வினாடி நின்றவாறே மிதத்தல், குளத்தின் ஆழமான இடத்தில் அடிவரை மூழ்குதல் ஆகியவற்றைச் செய்து காட்டவும் வேண்டும். பெற்ற தகுதியும் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு மீண்டும் தேர்வு உண்டு. திறன் என்பது ஒருமுறை பெற்றுப் பேழையில் வைக்கும் பொருளன்று. விரதத்தைப் போல நாள்தோறும் பேணப்பட வேண்டியது என்பதே இதன் கருத்து.

இப்பயிற்சியின் முதற்பாடம் குதித்தல் அன்று, குதியாதிருத்தல். முதலில் குரல் கொடு. அடுத்துக் கழியை நீட்டு. எட்டாவிடில் கயிற்றையோ மிதவை வளையத்தையோ எறி. வேறு வழியே இல்லாதபோதுதான், மிதவையுடன் நீரில் இறங்கு என்பது அதன் ஒழுங்கு. மூழ்குவோர் எதையேனும் பற்றி மேலெழ முயல்வர். வெறுங்கையோடு நெருங்கியவரையே அழுத்திவிடுவர்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். ஓருயிர் தத்தளிக்கும்போது கரையில் நின்று கயிறு தேடுதல் தன்னலம் அன்றோ? அன்று என்றே நாம் கருதுகிறோம். தன்னுயிரும் ஓருயிரே. அதனை வீணே இழப்பவர், தம்மை மீட்க மற்றொருவரையும் நீருக்குள் இழுக்கிறார். மேலும், மூழ்குவோருக்கு வேண்டுவது நம் தியாகமன்று, ஒரு பிடிமானம். நம் உணர்ச்சியின் வேகத்தைவிட அவர் தேவையை முதன்மையாகக் கொள்வதே தூய இரக்கம். அவ்வாறு அடக்கி நின்றும் காக்க இயலாமற் போகும் வேளைகள் உண்டு. அந்த வேதனையைத் தீர்க்கும் பயிற்சி உலகில் இல்லை. அவ்வேளை வருமுன் கற்கக்கூடியதைக் கற்றோமா என்பதற்கு மட்டுமே நாம் விடை கூற முடியும்.

உயிர்காப்பாளரின் தலையாய கடமை நீந்துவதும் அன்று, விழித்திருப்பது. நியூயார்க் நகரின் ஆர்ச்சர்டு கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய ஃபிராங்க் பியா என்பார், மூழ்குவோரைக் கூர்ந்து ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். மூழ்குபவர் பெரும்பாலும் கூவுவதில்லை. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் சிறுபொழுது மூச்சுக்கே போதாது. கையசைத்து அழைப்பதும் இல்லை. கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்துகின்றன. இந்நிலை 20 முதல் 60 வினாடி வரையே நீடிக்கும். பக்கத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர் அறியாமலே ஒரு குழந்தை மூழ்கிவிடக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

இதைப் படிக்கையில் நம் ஆசாரியர்கள் கூறிய 'பிரமாதம்' என்னும் சொல் நினைவுக்கு வருகிறது. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, அசட்டையை அதன் வேராக வைத்தார். பகைமையால் நேரும் கேடு நமக்கு எளிதில் புலப்படும். கவனமின்மையால் நேரும் கேட்டை 'விதி' என்று கூறி ஒதுக்கிவிடுகிறோம். ஒன்றுமே நிகழாத ஒரு நாள் முழுவதும் நீரையே நோக்கியிருக்கும் காவலரை எவரும் புகழ்வதில்லை. ஆனால் ஒன்றும் நிகழாமைதான் அவர் செய்த அறம்.

நீரில் நீந்தினால் நீருயிர்களுக்கு ஊறு நேருமே என்று சிலர் தயங்கலாம். முனிவர்க்கு உரிய மாவிரதம் வேறு. இல்லறத்தார்க்கு உரிய அணுவிரதம் வேறு. பயனின்றி நீரை அலைத்தல் நாம் விலக்க வேண்டிய அனர்த்த தண்டமே. ஓருயிரைக் காக்கும் பொருட்டு அளவறிந்து பயிலுதல் பயனற்ற செயலாகாது. நால்வகைத் தானங்களுள் அபயதானத்தைப் போற்றும் நாம், அதனை வழங்கும் கைக்கு வலிமை தேடுவதில் பிழையில்லை.

கரையேற்றியபின் செய்ய வேண்டுவதும் கற்க வேண்டியதே. மயங்கியவரைத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் நம் ஊர்களில் காணும் வழக்கம். இவை காலத்தை வீணாக்கும், தீங்கும் தரும். மூச்சு நின்றவருக்கு முதலில் வேண்டுவது காற்று. வாயோடு வாய் வைத்து மூச்சூட்டி, பின் மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை வீதத்தில் அழுத்தி, முப்பது அழுத்தத்துக்கு இருமுறை மூச்சூட்ட வேண்டும். உடனிருப்பவர் 108ஐ அழைக்க வேண்டும். நேரிற் பயின்றாலன்றி இது கைவராது.

2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25ஆம் நாளை இதற்கான விழிப்புணர்வு நாளாக அறிவித்துள்ளது. அது குற்றாலச் சாரற் காலமும் ஆகும். நம் சங்கங்கள் கோடை முகாம்களில் ஒருநாளை இப்பயிற்சிக்கு ஒதுக்கலாம். நீந்த வல்ல இளைஞர் சிலரை உயிர்காப்பாளர் தகுதி பெற அனுப்பலாம். நம் ஊர் ஏரிக்கரையில் ஒரு நீண்ட கயிறும் மிதவை வளையமும் வைக்கலாம். ஓருயிர் கைநீட்டும் அந்த ஒரு நிமிடத்தின் அறம், அதற்குப் பல நாள் முன்பே, நாம் ஓய்வாக இருக்கும்போதே முடிவாகிறது. அந்த ஓய்வை அசட்டையில் கழியாது, கற்பதில் செலவிடுவோமாக.