வழி மறந்த எலியும் மனிதர் நீதியும்

ஞாபகம் உடலைச் சார்ந்ததா, அன்றி உடலுக்குப் புறம்பான ஆன்மாவைச் சார்ந்ததா? இவ்வினாவை நெடுங்காலம் வாதத்தினாலேயே தீர்க்க முயன்றனர். விஞ்ஞானிகளோ சோதனையின் வாயிலாக அதனை ஆராயப் புகுந்தனர்.

அமெரிக்க அறிஞர் கார்ல் லாஷ்லி, எலிகளின் மூளைப் புறணியில் சில பகுதிகளைச் சிதைத்து, அவை சிக்கலான வழிகளைக் கற்கும் திறத்தை அளந்து, 1929-இல் நூலொன்று வெளியிட்டார். சிதைவு மிக மிகக் கற்கும் ஆற்றல் குன்றியது. பின்னர் 1982-இல், ரிச்சர்டு மாரிஸ் என்பாரும் அவர்தம் தோழர்களும் வேறொரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். கலங்கிய நீர் நிறைந்த வட்டத் தொட்டியில், வெளியே தெரியாதபடி நீருக்கடியில் சிறு மேடை ஒன்றை அமைத்தனர். நலமுள்ள எலிகள் சில முறை நீந்திப் பழகியபின், சுற்றிலுமுள்ள அடையாளங்களைக் கொண்டு நேரே மேடையை அடைந்தன. மூளையின் உட்பகுதியாகிய ஹிப்போகாம்பஸ் சிதைக்கப்பட்ட எலிகளோ, பலமுறை பழகிய பின்னும் இடமறியாது அலைந்தன. ஆயினும் மேடையைக் கண்ணிற்படும்படி வைத்தபோது, அவையும் அதனை நாடிச் சென்று ஏறின.

இதனால் விளங்குவது யாது? அவ்வெலிகளுக்குக் காலிற் பழுதில்லை, கண்ணிற் பழுதில்லை, கரையேறும் விருப்பமும் குறையவில்லை. இடத்தை நினைவிற்கொள்ளும் உறுப்பு ஒன்றே பழுதுற்றது. அவற்றைச் சோம்பேறிகள் என்று எவரேனும் ஏசுவரோ? ஆன்மா உண்டா இல்லையா என்னும் வாதம் ஒருபுறம் இருக்கட்டும். மூளை கெடின் ஞாபகமும் கெடும் என்பது வெளிப்படை.

ஆனால் மனிதர்பால் நாம் செய்வதென்ன? பழகிய தெருவில் வழி தவறும் முதியவரைப் பேய் பிடித்தவர் என்கிறோம், முன்வினை என்கிறோம், வேண்டுமென்றே தொல்லை தருகிறார் என்றும் கடிந்துகொள்கிறோம். ஆல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளுள் ஹிப்போகாம்பஸும் ஒன்று என்பதை எண்ணுவதில்லை. தலையில் அடிபட்ட சிறுவன் பாடத்தை மறந்தால் பிரம்பை எடுக்கிறோம்.

“அங்ஙனமாயின் எல்லாப் பிழையையும் மூளையின் மேலேற்றித் தப்பலாமே!” என்பார் உளர். அன்று. எப்பிழையும் பிழையன்று என யாம் கூறவில்லை. செய்ய மாட்டாதவன் வேறு, செய்ய மனமில்லாதவன் வேறு; அவ்விருவரையும் பிரித்தறிந்த பின்னரே தீர்ப்புக் கூறுக என்பதே யாம் வேண்டுவது. பகுத்தறிவு என்பதும் அதுவே.

பழுதுற்ற எலியையும் கரை சேர்த்தது, கண்ணிற்பட்ட மேடை. அவ்வாறே, மறதியுற்றவருக்கு வாயிலில் ஓர் அடையாளமும், வழியில் ஒரு துணையும், வாயில் ஓர் இன்சொல்லும் வைப்பது நம் கடமையாகும். வாயற்ற அவ்வுயிர்கள் தம் மூளையை இழந்து நமக்குத் தந்த அறிவு இது. அதனைப் பயன்படுத்தாது முதியோரை வைதுகொண்டிருப்போமாயின், அவ்வுயிர்களுக்கும் நாம் தீங்கிழைத்தவராவோம்.