மான் தப்பியது, யாம் தப்பினோமா?

ஒருவன் செய்த செயலாற் கேடு விளைந்தபோது அவனைக் குற்றவாளி என்கின்றோம். அதே செயலை, அதே மனத்தோடு, அத்தகைய இடத்திலேயே மற்றொருவன் செய்து, தற்செயலாகக் கேடு விளையாதொழியின் அவனை அதிட்டசாலி என்கின்றோம். இவ்விருவருக்கும் உள்ள வேறுபாடு யாது? அஃது அவர்தம் உள்ளத்தில் உளதா, அன்றிப் புறத்தே நிகழ்ந்ததொன்றில் மாத்திரம் உளதா? இவ்வினாவை நூல்களை விரித்து வைத்து ஆராய்வார் பலர். எமக்கு அது சென்ற மாசித்திங்களில் நடுத்தெருவில் எழுந்தது.

இளைப்பாறிய தலைமையாசிரியர் ஒருவரும் அவர் மனைவியாரும் எம்முடன் வர, வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகத் திருக்கோணமலைக்கு மோட்டார் வண்டி செலுத்திச் சென்றோம். கோணேசர் கோயிலின் மாலைப் பூசையைக் காணவேண்டும் என்பதே கருத்து. ஹொரவப்பொத்தானையில் ஒரு தேநீர்க் கடையிற் பழைய மாணவர் ஒருவரைக் கண்டு, பேச்சு நீண்டு, முக்கால் மணிநேரம் கழிந்தது. அக்காலத்தைத் தெருவில் மீட்டுக்கொள்ளலாம் என்று எண்ணினோம். இருமருங்கும் பற்றைக்காடு, பொழுதும் பட்டுவிட்டது. எதிரே வந்த லொறிக்காக விளக்கைத் தாழ்த்தினோம். லொறி கடந்ததும் விளக்கொளியின் ஓரத்தில் இரண்டு கண்கள் மின்னின. புள்ளிமான் ஒன்று தெருவின் நடுவில் அசையாது நின்றது. காலைப் பிறேக்கில் ஊன்றினோம் என்பதினும், கால் தானாகவே சென்று ஊன்றிற்று என்பதே உண்மை. வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு போயிற்று. ஒரு முழ இடைவெளியில் மான் துள்ளி மறுகரைக் காட்டினுட் புகுந்தது. வண்டி நின்றபின், அது வந்த வழியே ஒரு கன்றும், அதன்பின் வேறிரு மான்களும் எம்மைப் பாராதனபோலத் தெருவைக் கடந்தன.

சிறிதுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர்ப் பெரியவர், "தம்பி, கோணேசப்பெருமான் காத்தார்" என்றார். யாமும் "ஓம் ஐயா" என்றோம். ஆயினும் அச்சொல் எம்முள்ளத்தில் அமைதியாகக் கிடக்கவில்லை. பெருமான் காத்தது மானையா, எம்மையா? எதிலிருந்து காத்தார்? மானைக் காத்தார் எனின், எம்மிடமிருந்தே காத்தார் என்பதன்றோ பொருள்!

இவ்விடத்திற் சிறிது கணக்குப் பார்த்தல் நன்று. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 19 மீற்றர் கடக்கும். கண் கண்டதை மனம் உணர்ந்து கால் பிறேக்கை மிதித்தற்கு ஒரு செக்கனுக்குக் குறையாது செல்லும். அயர்ந்தவர்க்கு இன்னும் மிகும். மிதித்தபின்னரும் உலர்ந்த தெருவில் வண்டி நிற்க 25 மீற்றருக்கு மேல் வேண்டும். ஆகவே மொத்தம் 45 மீற்றருக்குக் குறையாது. தாழ்த்திய விளக்கு நன்கு காட்டும் தொலைவும் ஏறத்தாழ அவ்வளவே. வேகம் 50 ஆயின் எல்லாம் 30 மீற்றரளவில் அடங்கும். வேகம் இருமடங்காகுமெனின் பிறேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்மடங்காகும் என்பதை நம் பாடசாலைகளிற் பெளதிகம் படிப்பிப்போர் கரும்பலகையில் எழுதிக் காட்டுகின்றனர். மானுக்கோ இக்கணக்கு ஒன்றுந் தெரியாது. இருளுக்குப் பழகிய அதன் கண் பேரொளி படும்போது கூசி மயங்கும். ஓட வல்ல பிராணி அப்பொழுது நின்றுவிடும். கூட்டமாய் வாழும் சாதியாதலின், ஒன்று கடந்த இடத்தில் மற்றவையும் தொடரும். மேய்ச்சலுக்கு அது வெளிப்படும் நேரமும் பெரும்பாலும் வைகறையும் அந்திப்பொழுதுமே. இவையெல்லாம் யாம் முன்னரே அறிந்தவை. அறிந்திருந்தும், விளக்குக் காட்டாத இடத்துக்குள் வண்டியை விட்டுக்கொண்டிருந்தோம்.

மனுநீதிச் சோழன் சரிதத்தை யாம் வகுப்பிற் படிப்பித்த ஆண்டுகள் பல. பெரியபுராணத்துத் திருநகரச் சிறப்பில் வருவது அது. அரசிளங்குமரன் ஆரூர் வீதியில் தேரூர்ந்து வர, இளங்கன்று ஒன்று ஒருவரும் அறியாவகை புகுந்து ஆழியின்கீழ் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சிமணியை அடித்தது. அமைச்சர் கழுவாய் கூறினர். அரசன் கொள்ளாது, தன் மகன்மேல் தானே தேரூர்ந்தான். "கன்று தானே வந்து புகுந்தது, இளவரசன் என்ன செய்வான்?" என்று மாணவர் வினவுதல் வழக்கம். அரசநீதியின் பெருமையைக் கூறி அவரை அமர்த்துதல் எம் வழக்கம். அன்றிரவு வேறொரு வினா எம்மைப் பற்றிக்கொண்டது. அக்கன்று ஒருசாண் விலகித் தப்பியிருப்பின் மணி ஒலித்திருக்குமா? ஒலித்திராது, புராணத்தில் அச்சரிதமே இராது. ஆனால் இளவரசன் தேரூர்ந்த முறை முழுவதும் முன்போலவே இருந்திருக்கும்.

இதனை ஒத்த வரலாறு ஈழத்தரசன் எல்லாளனைப் பற்றி மகாவம்சத்திலும் உளது. தமிழரசனாகிய அவன் நீதியை அந்நூல் மறையாது போற்றுகின்றது. ஆனால் அங்கே கன்று துள்ளிப் புகவில்லை. தாயோடு வழியிற் படுத்துக் கிடக்கின்றது. திஸ்ஸ வாவிக்குத் தேரிற் சென்ற மகன் அறியாது அதன் கழுத்தின்மேற் சக்கரத்தை ஏற்றிவிடுகின்றான். சிறிய வேறுபாடுதான், ஆயினும் வினாவே மாறிவிடுகின்றது. துள்ளி வந்ததைக் காணாமை ஒன்று. கிடந்ததைக் காணாமை மற்றொன்று. காணக்கூடியதைக் காணாதபடி விரைந்தவன் "யான் அறிந்திலேன்" என்று சொல்லும்போது, அவ்வறியாமையே அவன் செய்துகொண்டதாகின்றது. எம் மான் இவ்விரண்டில் எந்த வகையினது? துள்ளி வந்ததென்று பலரிடம் சொல்லியிருக்கின்றோம். உண்மையில் அது நின்றது.

இனி, தப்பவிட்டவனும் கொன்றவனும் ஒரே தன்மையர் என்று முடிவுகட்டலாமா? அதுவும் பொருந்தாது. அதே மகாவம்சத்தில் மற்றொரு நிகழ்ச்சி உண்டு. எல்லாளன் மிகிந்தலையிலிருந்து திரும்புகையில் அவன் தேரின் நுகம் பட்டு ஒரு பௌத்த தூபியிற் சிதைவு உண்டாயிற்று. அரசன் இறங்கி, அச்சக்கரத்தாலேயே தன் தலையைத் துணிக்கும்படி சொன்னான். அமைச்சர், "பிறர்க்குத் தீங்கு எம் ஆசானுக்கு உடன்பாடன்று, தூபியைச் செப்பஞ்செய்து பொறுக்கும்படி கேளும்" என்ற கருத்துப்படக் கூறினர். விழுந்த கற்கள் பதினைந்தே. அவற்றை மீள வைத்தற்கு அவன் 15,000 காசு செலவிட்டான் என்பது வரலாறு. கல்லை மீள வைக்கலாம். கன்றை வைக்க முடியாது. மனுவின் சரிதத்தில் இறைவன் வெளிப்பட்டுக் கன்றையும் மகனையும் எழுப்பினார்; எல்லாளன் சரிதத்தில் ஒருவரும் எழவில்லை.

ஆதலின் பிழை வேறு, கடன் வேறு என்று பிரித்துக் காண்பதே எமக்குத் தெளிவாகப் படுகின்றது. பிழை, செலுத்துவோன் கையில் இருந்ததைப் பற்றியது. வேகமும் விழிப்பும் அவன் கையில் இருந்தன. கடன், விளைந்ததைப் பற்றியது. தாய்ப்பசு மணியடித்தது இளவரசனுடைய பிழையை எண்ணியன்று, தன் கன்றை எண்ணி. கொன்றவனுக்குப் பிழையும் உண்டு, கடனும் உண்டு. தப்பவிட்டவனுக்குக் கடனில்லை, பிழை முழுவதும் உண்டு. கடன் வராமையைக் கண்டு பிழையும் இல்லையென மகிழ்கின்றோமே, அங்கேதான் நாம் வழுக்கி விழுகின்றோம். வினை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படும் என்று பாலபாடம் முதற்கொண்டு படிப்பிக்கும் நாம், காயத்தின் பயனை மாத்திரம் கொண்டு கணக்கை மூடிவிடுகின்றோம்.

இவ்வாறெனின் ஒருவரும் வண்டி செலுத்தலாகாது, நடத்தலுமாகாது, காலின்கீழ் எறும்பு இறக்குமே என்பார் உளர். எறும்பைக் காணுதல் நடப்போன் கையில் முற்றும் இல்லை. மாலைவேளையில் காட்டுத்தெருவில் மான் வரும் என்பதை எதிர்பார்த்தல் செலுத்துவோன் கையில் உண்டு. மற்றும் சிலர், மானுக்காகத் திருப்பினால் மனிதர் இறப்பர், அப்போது யாது செய்வது என்பர். நேரே பிறேக் பிடித்தலே தக்கது, திடீரெனத் திருப்புதல் மரத்திலோ எதிர்வண்டியிலோ கொண்டுபோய்விடும் என்பது அறிந்தோர் கூற்று. யாமும் அதனையே கொள்கின்றோம். ஆனால் அவ்வொரு செக்கனில் எவரும் தருமவிசாரம் செய்வதில்லை. அன்றிரவு எமக்குத் தெரிவு என்பதொன்று இருந்ததெனின், அது தெருவில் இருந்ததன்று. ஹொரவப்பொத்தானைத் தேநீர்க் கடையை விட்டு எழுந்தபோது, "பூசை தவறினும் தவறுக" என்று சொல்லாது விட்டதில் இருந்தது. பெரியவரின் மனைவியார் அப்பொழுதே, "மெல்லப் போங்கோ தம்பி" என்றார். ஆண்மக்கள் இருவரும் கேளாதவர்போல் இருந்தோம்.

எஞ்சிய தெருவை மெல்லவே கடந்தோம். பூசை முடியும் நேரமாகிவிட்டது. திருக்கோணமலையில் கோயிலுக்கு ஏறும் வழி பிரெட்றிக் கோட்டையினூடே செல்வது என்பதையும், அக்கோட்டையில் மான்கள் மனிதரை அஞ்சாது திரிவதையும் அங்கே சென்றோர் அறிவர். வருவோர் உணவோடு எறியும் பொலித்தீனையும் அவை தின்றுவிடுகின்றன என்பது வருந்தத்தக்கது. கோட்டை வாயிலைக் கடந்ததும் தெருவை அடைத்துக்கொண்டு ஐந்தாறு மான்கள் படுத்துக் கிடந்தன. பின்னே வந்த வண்டிக்காரர் ஹோர்ன் அடித்தார். பெரியவர் கதவைத் திறந்து இறங்கி, அவரிடம் சென்று ஏதோ சொல்லிவிட்டு வந்தார். கரத்திலே மானேந்திய பெருமானைக் காண விரைந்தபோது ஒரு மானைக் கொல்லப் பார்த்தோமே என்று யாம் சொன்னதற்கு, "அதனாலன்றோ தம்பி, அவர் காத்தார் என்றேன்" என்றார். அவர் கருத்தும் எம் கருத்தும் அன்று ஒன்றுபடவில்லை, இன்றும் ஒன்றுபடவில்லை. மேலே மணியோசை கேட்டு ஓய்ந்தது. மான்கள் தாமாக எழுந்து விலக ஏறத்தாழ பத்து நிமிடம் சென்றது; பின்னர் வண்டியை மேலே விட்டோம்.