கடவுளுக்கு மின்சாரம் ஆகாதா?

1970இல் மேற்கு ஜெர்மனியில் மூக் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியை வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முகப்பு முழுக்கக் குமிழ்களும் செருகு வயர்களுமாக, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் போன்ற பெரிய பெட்டி அது. மியூனிக்கில் ஃப்ளோரியன் ஃப்ரிக்கேயிடம் ஒன்று இருந்தது. அதை வைத்துத்தான் அவருடைய ‘பொபோல் வூ’ குழு, ‘ஆஃபென்ஷ்டுண்டே’ என்ற முதல் ஆல்பத்தை அந்த ஆண்டு வெளியிட்டது. இரண்டே ஆண்டுகளில் அவர் பெட்டியை ஓரங்கட்டிவிட்டார். பிற்பாடு அது இன்னொரு இசைக்கலைஞரான க்ளாவுஸ் ஷூல்ட்ஸேயின் கைக்குப் போனது.

இறைவனை நோக்கிய இசைக்கு மின்னொலி ஒத்துவராது என்று ஃப்ரிக்கே கருதினார். மனிதர் விரலும் மூச்சும் படாத ஓசை வழிபாடாகுமா? சைகடெலிக் ராக் உலகில் இப்படியும் ஓர் ஆசாரம்!

சண்டை பழையதுதான். 16ஆம் நூற்றாண்டில் ஸூரிக் நகரில் மதச் சீர்திருத்தவாதி ஸ்விங்லியின் இயக்கம் தேவாலயங்களில் ஆர்கன் வாசிப்பதையே நிறுத்தியது. கிராஸ்மூன்ஸ்டர் ஆலயத்தின் ஆர்கனை 1527இல் பிரித்தே எடுத்துவிட்டார்கள். இத்தனைக்கும் ஸ்விங்லி நல்ல இசைஞானம் உள்ளவர். அன்று சந்தேகத்துக்கு ஆளான அதே ஆர்கனைத்தான் பொபோல் வூ 1971இல் புனிதத்துக்காகத் தேடிப் போனது. ‘இன் டென் கேர்ட்டன் ஃபாராவோஸ்’ ஆல்பத்தின் ஒரு பக்கத்தை நிறைக்கும் ‘வூ’, பவேரியாவின் பௌம்புர்க் தேவாலய ஆர்கனில் வாசிக்கப்பட்டது. துருத்தியும் குழாயும் கொண்ட அதுவும் எந்திரம்தானே? நூற்றாண்டுகள் கடந்தால் எந்திரத்துக்கும் தீட்டுக் கழிந்துவிடுகிறது போலும்.

1972இல் வந்தது ‘ஹோசியானா மந்த்ரா’. யூத, கிறிஸ்தவ வழிபாட்டின் ஓசன்னாவும் இந்திய மந்திரமும் தலைப்பிலேயே கைகோத்தன. ஃப்ரிக்கே பியானோவில் அமர்ந்தார். கானி வைட்டின் கிதார், ராபர்ட் எலிஸ்கூவின் ஓபோ, அடியில் சுருதி பிடிக்கும் தம்பூரா; மேலே கொரிய இசையமைப்பாளர் இசாங் யுன்னின் மகள் ஜாங் யுன்னின் குரல். டிரம்ஸ் இல்லை. ‘கீரியே’ பாட்டில் அந்தக் குரல் சட்டென்று உச்சத்துக்குத் தாவுவதில்லை. கிதார் விட்ட இடத்தில் தயங்கித் தொட்டு, மெல்ல மேலேறுகிறது. பல மதங்களை ஒரே பானையில் போட்டுக் கிண்டும் அசட்டுத்தனம் இதில் இல்லை. ஃப்ரிக்கேயின் கொள்கைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் அதே ஆண்டு அவர் செய்த இன்னொரு வேலை அந்தக் கொள்கையைக் கவிழ்த்துவிட்டது. வெர்னர் ஹெர்ட்ஸாக்கின் ‘அகிர்ரே, கடவுளின் சீற்றம்’ படத் தொடக்கத்தில், மூடுபனி சூழ்ந்த ஆண்டீஸ் சரிவில் ஸ்பானியப் படை எறும்புச்சாரியாக இறங்குகிறது. பின்னால் வானமே பாடுவதுபோல ஒரு கூட்டுக்குரல். அங்கே பாடகர் எவரும் இல்லை. நாடாக்களில் பதிந்த குரல்களைக் கட்டையழுத்தி எழுப்பும் ‘கொயர் ஆர்கன்’ அது. அவருடைய இசையில் கேட்பவரை அதிகம் மெய்சிலிர்க்க வைத்தது இந்த எந்திரக் குரல்தான்.

அது யாருக்காக ஒலிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தங்கம் தேடிப் புறப்பட்ட கொள்ளைக்கூட்டம். கூடவே வலியவர் பக்கம் சாயும் ஒரு பாதிரியார். ‘பொபோல் வூ’ என்ற இசைக்குழுவின் பெயரோ ஸ்பானியர் அடக்கிய குவாட்டமாலாவின் கிச்சே மாயா மக்களுடைய புனிதநூலின் பெயர். அந்நூல் இன்று நம்மிடம் இருப்பதும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்ற டொமினிக்கன் பாதிரியார் எடுத்துவைத்த பிரதியால்தான்.

மெய்சிலிர்ப்பை வைத்துக் கடவுளின் இருப்பை நிறுவப் பார்ப்பவர்கள் இந்தக் காட்சிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சிலிர்ப்பு பக்தனுக்கும் வரும், பாவிக்கும் வரும். அதை எழுப்பியது தொண்டையா நாடாவா என்று காது விசாரிப்பதில்லை. ஒலியின் பிறப்பிடத்தில் புனிதத்தைத் தேடியதுதான் ஃப்ரிக்கேயின் பிழை. அதே சமயம், அந்தப் பிடிவாதம் இல்லாமல் ‘ஹோசியானா மந்த்ரா’ பிறந்திருக்காது என்பதும் மெய்.

அதன் பிறகு ‘ஸேலிக்ப்ரைஸுங்’ (1973) மத்தேயு நற்செய்தியையும், ‘டாஸ் ஹோஹெலீட் ஸாலமோஸ்’ (1975) சாலமோனின் உன்னதப்பாட்டையும் எடுத்துக்கொண்டன. ஃப்ரிக்கே 2001 டிசம்பரில் 57 வயதில் மியூனிக்கில் காலமானார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு வந்த ‘சிட்டி ராகா’வைக் கேட்டால், விரட்டிய சிந்தசைசரை அவரே திரும்ப அழைத்துக்கொண்டது தெரியும்.