மடல் யாருக்கு?

2024 மார்ச்சில் சென்னை மியூசிக் அகாடமி அந்த ஆண்டின் சங்கீத கலாநிதி விருதைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு அறிவித்தது. அவர் பெரியாரைப் போற்றுவதையும் கர்நாடக இசையுலகை விமர்சிப்பதையும் ஏற்காத ரஞ்சனி, காயத்ரி சகோதரிகள், டிசம்பர் விழாவில் பாட மாட்டோம் என்று அகாடமித் தலைவர் என். முரளிக்குக் கடிதம் எழுதினார்கள். அதைச் சமூக ஊடகத்திலும் வெளியிட்டார்கள். பதில் பெறுமுன்பே பகிர்ந்தது மரியாதைக் குறைவு என்று முரளி தம் பதிலில் எழுதினார். அந்தப் பதிலும் ஊர் முழுக்கச் சுற்றியது. இரண்டே நாளில் இந்தப் பிணக்கு கச்சேரி கேட்பவர், கேளாதவர் எல்லார் கைப்பேசியிலும் எரிந்தது. ஒரு பக்கத்தாரைச் சாதி சொல்லித் திட்டினார்கள். மறுபக்கத்தாரைத் துரோகி என்றார்கள்.

ஒருவரோடு உள்ள கருத்து வேறுபாட்டை, அவர் வாய் திறக்குமுன் ஊர்முன் வைப்பது அறமா?

ஊரைக் கூட்டுவதே பிழை என்று சொல்லிவிட முடியாது. 2018-இல் பாலியல் தொல்லை குறித்த மீ டூ புகார்கள் சமூக ஊடகத்தில் எழுந்த பிறகுதான் இதே அகாடமி ஏழு கலைஞர்களை அந்த ஆண்டு விழாவிலிருந்து நீக்கியது. தனியறையில் சொன்னால் அமுங்கிப்போகும் முறையீட்டுக்கு ஊர்தான் துணை. சகோதரிகளும் பெரிய மேடையொன்றை விட்டுக்கொடுத்தே விலகினார்கள். நம்பிக்கைக்காக இழக்கத் துணிபவரை, அந்த நம்பிக்கையில் உடன்படாதவரும் மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் கொடுமைக்கு நீதி கேட்பவருக்குச் சாட்சிகள் வேண்டும். கருத்தில் மாறுபடுபவருக்கோ இறங்கி வர இடம் வேண்டும். தனிக் கடிதம் பெற்றவர் ‘நீங்கள் சொல்வதில் பாதி சரி’ என்று எழுதலாம். எழுதியவரும் ‘கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன்’ எனலாம். ஆயிரம் பேர் பார்த்திருக்க, அதே சொற்கள் தோல்வியாகிவிடுகின்றன. கைதட்டுகிற கூட்டம் இருவரையும் முன்னே தள்ளுகிறது. பின்வாங்க ஒருவரையும் விடுவதில்லை.

எந்தப் பெரியாரை முன்வைத்து இந்தப் பிணக்கு மூண்டதோ, அவரும் ராஜாஜியும் நண்பர்கள்; ஆனால் அரசியலில் நெடுங்காலம் எதிரெதிர் அணிகளில் இருந்தவர்கள். 1953-இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி ஊர் ஊராக எதிர்த்தார் பெரியார்; மறு ஆண்டு ராஜாஜி பதவி விலகினார். மேடையில் ஒரு சொல்லையும் பெரியார் குறைத்துக்கொண்டதில்லை. அதற்கு முன், 1949-இல் தம் திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, திருவண்ணாமலையில் ராஜாஜியைத் தனியே சந்தித்திருந்தார். என்ன பேசினீர்கள் என்று தம் கட்சியும் பத்திரிகைகளும் துளைத்தபோது, அது சொந்த விஷயம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் சுடுகாடுவரை வந்து கண்ணீர்விட்டு அழுதார். ஊருக்குரிய சண்டையை ஊரிலும், இருவருக்குரிய பேச்சை இருவருக்குள்ளும் வைத்ததால்தான் அந்த நட்பு கடைசிவரை நின்றது.

விலகுபவர் விலகலை அறிவிக்கட்டும், காரணத்தையும் சொல்லட்டும். ஆனால் ஒருவர் பெயரிட்டு எழுதிய மடல் முதலில் அவர் கைக்குப் போகட்டும். பதிலுக்கு நாலு நாள் பொறுக்கலாம். நமக்கு எழுதப்படாத மடல் நம் கைப்பேசிக்கு வந்து சேரும்போது, அதை மேலும் பகிராமல் அந்த நாலு நாளை அவர்களுக்குக் கொடுப்பது நம் கடமை.